ஒன்றைக் கழித்தால் ஜனவரி

1971 நவம்பர் 3. அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலத்தில், மரே ஹில் என்ற ஊரிலிருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கையேடு தயாரானது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிக்கொண்டிருந்த யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் முதல் கையேடு அது. கணினியிடம் நேரம் கேட்கும் கட்டளையைப் பற்றி அதில் ஒரு குறிப்பு இருந்தது. 1971 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து கழிந்த நேரத்தை, நொடியை அறுபதாகக் கூறுபோட்டு அந்தக் கட்டளை எண்ணிச் சொல்லும். குறிப்பின் கடைசியில், குறைகள் என்ற தலைப்பின் கீழ், எழுதியவர்களே உண்மையை ஒப்புக்கொண்டிருந்தார்கள். நேரத்தை வைக்க 32 பிட் இடம்தான் இருக்கிறது; இரண்டேகால் ஆண்டுக்கு ஒருமுறை நெருக்கடி நிச்சயம்.

தொடக்கப் புள்ளியை 1972க்கு நகர்த்திக் கொஞ்சம் அவகாசம் தேடினார்கள். அது ஒத்திப்போடுவதுதான், தீர்வாகாது என்பது அவர்களுக்கே தெரியும். கடைசியில் அறுபதில் ஒரு பங்கைக் கைவிட்டு முழு நொடியாக எண்ணுவது என்றும், 1970 ஜனவரி 1 தொடக்கம் என்றும் முடிவானது. அந்த ஒரு மாற்றத்தால் அதே 32 பிட் இடம் 2038 ஜனவரி 19 வரை தாங்கும் அளவுக்கு நீண்டது. நெருக்கடி தீர்ந்தது. ஆனால் நூறு கோடி நொடி என்று சொன்னால் எந்த மனிதருக்கும் தேதி விளங்காது. அதை நாளாகவும் மாதமாகவும் ஆண்டாகவும் பிரித்துத் தர ஒரு சின்ன நிரல் வேண்டியிருந்தது. இந்தக் கதையின் விதை விழுந்தது அந்தச் சின்ன நிரலில்தான்.

நொடிக்கணக்கைக் கொடுத்தால் அது ஒன்பது எண்களை வரிசையாகத் திருப்பித் தந்தது. நொடி, நிமிடம், மணி, நாள், மாதம், ஆண்டு, கிழமை, ஆண்டின் எத்தனையாவது நாள், கோடைக்கால நேரம் உண்டா என்ற குறி. இதில் நாள் ஒன்றில் தொடங்கி 31 வரை போனது. மாதம் பூஜ்ஜியத்தில் தொடங்கி 11இல் முடிந்தது. ஆண்டிலிருந்து 1900 கழிக்கப்பட்டிருந்தது. அடுத்தடுத்து நின்ற மூன்று எண்களுக்கு மூன்று வேறு நியாயம். இதை எழுதியவர்கள் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த நிரலாளர்கள். கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. அப்படியானால் ஜனவரி ஏன் பூஜ்ஜியமானது?

விடை முப்பத்தாறு எழுத்துகளில் இருக்கிறது. தேதியை அச்சிடும் பகுதியில் பன்னிரண்டு மாதங்களின் ஆங்கிலப் பெயர்களையும் மூன்று மூன்று எழுத்தாகச் சுருக்கி, நடுவில் இடைவெளிகூட விடாமல், ஒரே சரமாகக் கோத்து வைத்திருந்தார்கள். மாத எண்ணை மூன்றால் பெருக்கினால் அந்தச் சரத்தில் பெயர் தொடங்கும் இடம் கிடைத்துவிடும். பூஜ்ஜியத்தை மூன்றால் பெருக்கினால் பூஜ்ஜியம், அங்கே ஜனவரி. ஒன்றைப் பெருக்கினால் மூன்று, அங்கே பிப்ரவரி. சி மொழியில் வரிசைகளெல்லாம் பூஜ்ஜியத்திலிருந்தே எண்ணப்படுவதால் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் வேலையே இல்லை. யூனிக்ஸ் ஓடிய முதல் பிடிபி-11 கணினியின் மொத்த நினைவகம் 24 கிலோபைட். ஒவ்வொரு கட்டளையையும் எண்ணி எண்ணிச் செலவழித்த அந்த வீட்டில் இது மெச்சத்தக்க சிக்கனம். மாதத்துக்கும் கிழமைக்கும் பெயர் உண்டு, பெயர்ப் பட்டியல் உண்டு. ஆகவே அவை பூஜ்ஜியத்தில் தொடங்கின. நாளுக்குப் பெயர் இல்லை, பட்டியல் இல்லை. அது ஒன்றிலேயே நின்றது. சிக்கனம் அந்த வீட்டோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

1979இல் வந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு அந்த ஒன்பது எண்களுக்கும் முறையான பெயர் சூட்டியது. பத்தாண்டு கழித்து, 1989இல், சி மொழிக்கு அமெரிக்கத் தரநிலை வகுத்தபோது பூஜ்ஜிய ஜனவரியும் சேர்ந்தே தரநிலையாகிவிட்டது. ஓர் ஆய்வுக்கூடத்தின் உள்வீட்டுப் பழக்கம் உலகச் சட்டமானது இப்படித்தான். அதே 1989இன் கிறிஸ்துமஸ் விடுமுறையில், ஆம்ஸ்டர்டாம் நகரில், ஒருவர் பொழுதைப் போக்க வழி தேடிக்கொண்டிருந்தார்.

அவர் கைடோ வான் ராசம். நெதர்லாந்தின் கணித, கணினியியல் ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர். ஏபிசி என்ற கற்பித்தல் மொழியை உருவாக்கிய குழுவில் இருந்து, புதிதாகப் படிப்பவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துப் பழகியவர். அந்த விடுமுறையில் எழுதத் தொடங்கிய மொழிதான் பைத்தான். 1991 பிப்ரவரியில் வெளியானது. அதன் நேரக் கணக்குப் பகுதி சி மொழியின் அதே ஒன்பது எண்களை எடுத்துக்கொண்டது. ஆனால் அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. மாதத்தோடு ஒன்றைக் கூட்டியது. பக்கத்திலேயே, ஜனவரி ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. ஆண்டை 1900 கழிக்காமல் முழுதாக வைத்தது. வாரத்தை ஞாயிறுக்குப் பதில் திங்களில் தொடங்கியது. சி மொழியின் பெயர்ப் பட்டியல் வசதியைவிட மனிதர் தேதி எழுதும் வழக்கம் பெரிது என்று அந்த ஒரு வரி தீர்ப்பளித்துவிட்டது. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். ஆனால் தீர்ப்பு பைத்தானின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். எல்லைக்கு வெளியே வேறொரு குடும்பம் வளரத் தொடங்கியிருந்தது.

1992. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில், செயற்கை நுண்ணறிவுப் பயன்பாட்டு நிறுவனத்தில் ஜூலியன் ஸ்மார்ட் என்பவர் ஹார்டி என்ற மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார். அது விண்டோஸிலும் ஓட வேண்டும், யூனிக்ஸ் கணினிகளின் எக்ஸ் திரையிலும் ஓட வேண்டும். இரண்டுக்கும் பொதுவான கருவிகள் விற்பனையில் இருந்தன, விலை கட்டுப்படியாகவில்லை. வேறு வழியில்லாமல் ஜன்னல், பொத்தான், பட்டியல் எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகத் தரும் கருவித்தொகுப்பை அவரே சி++ மொழியில் எழுதினார். விண்டோஸின் முதலெழுத்தையும் எக்ஸையும் சேர்த்து டபிள்யூஎக்ஸ் என்று பெயரிட்டார். பல்கலைக்கழகம் அதை எல்லோருக்கும் இலவசமாகத் தர அனுமதித்தது. அந்தத் தாராளம் இல்லாமல் போயிருந்தால் அடுத்த ஆள் கதைக்குள் வந்திருக்கவே மாட்டார்.

அந்த அடுத்த ஆள் அமெரிக்கரான ராபின் டன். 1990களின் நடுவில் அவருக்கும் கிட்டத்தட்ட அதே நெருக்கடி. எச்பி நிறுவனத்தின் யூனிக்ஸிலும் விண்டோஸ் 3.1இலும் ஓடும் திரை வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும். தேடிக்கொண்டே போனவர் கண்ணில் எடின்பரோக் கருவி பட்டது. அதோடு, அதைப் பைத்தானிலிருந்து இயக்குவதற்கான ஆரம்ப முயற்சி ஒன்றும் பட்டது. பைத்தான் என்ற பெயரே அவருக்கு அப்போதுதான் அறிமுகம். திரைக்கருவி தேடி வந்தவர் ஒரு மொழியின் மேல் காதலாகித் திரும்பினார். 1997, 98இல் வேறு சிலரோடு சேர்ந்து அந்த இணைப்பை முதலிலிருந்து எழுதினார். அதுதான் டபிள்யூஎக்ஸ்பைத்தான். சி++இல் இருக்கும் ஆயிரக்கணக்கான செயல்களைக் கையால் ஒவ்வொன்றாகப் பைத்தானுக்குக் கட்டுவது மனிதரால் ஆகிற காரியமில்லை என்பதால், ஸ்விக் என்ற கருவி தலைப்புக் கோப்புகளைப் படித்துப் பாலங்களைத் தானே போட்டது. அந்தத் தானியங்கிப் பாலத்தில் ஒரு பலகை இல்லை. அது தெரிய இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

1999இல் அதே திரைக்கருவிக் குடும்பத்தின் முக்கியமான நிரலாளர் வாதிம் ஸைட்லின், அதற்குப் புதிய தேதி வகை ஒன்றை எழுதினார். பழைய தேதி வகைகளை ஓரங்கட்டும் அளவுக்கு உயர்ந்த வேலை. எட்டே பைட்டில் மில்லிநொடிக் கணக்கு, கி.மு. 4714இலிருந்து எதிர்காலத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் வரை கொள்ளும். தொடக்கப் புள்ளி, பழையபடி 1970 ஜனவரி 1. மாதங்களும் சி மொழி வழக்கப்படி பூஜ்ஜியத்தில்தான் தொடங்கின. ஆனால் அந்தப் பள்ளத்தின் முன்னால் அவர் ஒரு வேலி போட்டிருந்தார். மாதத்தை எண்ணாக வாங்காமல், பெயரிட்ட தனி வகையாக வைத்தார். பிப்ரவரி வேண்டுமானால் பிப்ரவரி என்ற பெயரையே எழுத வேண்டும். யாராவது 2 என்று வெறும் எண்ணைக் கொடுத்தால் சி++ கம்பைலர் அதை மாதமாக ஏற்காது. பெயரைத்தான் எழுதப் போகிறார்கள் என்றால் அதற்குள் பூஜ்ஜியம் இருந்தால் என்ன, ஒன்று இருந்தால் என்ன? சி++ உலகத்துக்குள் அது குறையில்லாத ஏற்பாடு.

காணாமல் போன பலகை அந்த வேலிதான். ஸ்விக் போட்ட பாலத்தைக் கடந்தபோது, சி++இன் பெயரிட்ட வகை பைத்தானில் வெறும் முழு எண்ணாக இறங்கியது. பிப்ரவரி என்ற பெயர் இருந்தது. ஆனால் 2 என்று எழுதினாலும் தடுக்க ஆளில்லை. 2 என்றால் அங்கே மார்ச்.

இதற்கிடையில் பைத்தான் பக்கத்திலும் ஒரு நல்லது நடந்தது. வெகுகாலம் அந்த மொழிக்கென்று சொந்தமான தேதி வகை கிடையாது. மார்க்-ஆந்த்ரே லெம்பர்க் எழுதிய எம்எக்ஸ்டேட்டைம் என்ற வெளித் தொகுப்பையே பலர் நம்பியிருந்தார்கள். 2003 ஜூலை 29 அன்று வெளியான பைத்தான் 2.3இல்தான் தேதி வகை மொழிக்குள்ளேயே வந்தது. அதில் டிம் பீட்டர்ஸின் உழைப்பு பெரிது. ஆண்டு 1 முதல் 9999 வரை. மாதம் 1 முதல் 12 வரை. எழுதும் வரிசை ஆண்டு, மாதம், நாள். ஸைட்லினின் வகையிலோ வரிசை நாள், மாதம், ஆண்டு. இப்போது ஒரே புரோகிராமுக்குள் இரண்டு தேதிகள். திரையில் நாட்காட்டிப் பெட்டி தருவது ஒன்று, தரவுத்தளமும் கணக்கும் கேட்பது இன்னொன்று. இரண்டும் தன்னளவில் ஒழுங்கானவை. இரண்டுக்கும் நடுவில் நிரலாளர் ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அந்த ஒரு வரி படுத்திய பாட்டுக்கு ஒரு கணக்கே போடலாம். அன்றாட விற்பனையை அன்றைய தேதியோடு பதியும் ஒரு புரோகிராம் ஜூன் 1ஆம் தேதி பயன்பாட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், நடப்பது இதுதான். திரைப்பெட்டியில் ஜூன் 1. அதனிடம் மாதம் கேட்டால் 5 என்று பதில் வரும். எழுதியவர் அந்த 5ஐ அப்படியே பைத்தான் தேதியில் போட்டிருந்தால், பதிவாவது மே 1. மறுநாள் அதே பதிவைத் திரையில் திறந்தால் 5 என்ற எண் மறுபடி பெட்டிக்குப் போகும். பெட்டிக்கு 5 என்றால் ஜூன். திரையில் சரியாக ஜூன் 1 தெரியும். போகும்போது செய்த பிழையை வரும்போது செய்த பிழை மறைத்துவிடுகிறது. எத்தனை முறை திரையைப் பார்த்துச் சோதித்தாலும் தவறு கண்ணுக்குத் தெரிய வழியே இல்லை. உள்ளே மட்டும் மாதம் முழுவதும் தவறிக் கிடக்கும்.

ஜூன் மாதம் முப்பது நாளும் ஓடும். ஜூலையிலும் முப்பது நாள் ஓடும். அறுபத்தொன்றாம் நாள் ஜூலை 31. பைத்தானுக்குப் போய்ச் சேர்வது ஜூன் 31. அப்படி ஒரு தேதி உலகத்தில் கிடையாது. புரோகிராம் அங்கே நின்றுவிடும். பிழையைத் தேடுகிறவர் பிரச்சினையைப் பார்க்க உட்காரும்போது ஆகஸ்ட் 1 ஆகியிருக்கும். எல்லாம் பழையபடி ஓடும். ஆகஸ்ட் 31கூடத் தப்பிவிடும், ஏனென்றால் ஜூலைக்கு 31 நாள் உண்டு. மறுபடி நிற்பது அக்டோபர் 31 அன்று. எதிர்த்திசையில் தவறினால் வேறு விதமான விபத்து. பைத்தானின் டிசம்பர், 12 என்ற எண்ணாகப் போகும்; பெட்டியின் கணக்கில் 12 என்பது செல்லாத மாதத்துக்கு ஒதுக்கப்பட்ட எண்.

இதில் அடிபட்டவர்கள் மாத எண்ணையே தொடாமல் தப்பிக்க வழி தேடினார்கள். இரண்டு பக்கமும் அடியில் 1970இலிருந்துதானே எண்ணுகின்றன, நொடிக்கணக்கையே கைமாற்றினால் என்ன என்று சிலருக்குத் தோன்றியது. தோற்றத்துக்கு அழகான வழி. ஆனால் பெட்டி தருவது அந்த ஊரின் நள்ளிரவு. அதை உலகப் பொது நேரமாகப் படித்துவிட்டால், கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கும் சென்னையிலும் கொழும்பிலும் நள்ளிரவு என்பது முந்தைய நாள் மாலை 6.30. மாதம் தப்பியது, நாள் தவறியது. 1970க்கு முன் பிறந்தவர்களின் பிறந்த தேதியைக் கொடுத்தால் நொடிக்கணக்கு எதிர்ம எண்ணாகும். விண்டோஸில் பைத்தான் அதை ஏற்க மறுத்தது. ஆரம்பத்தில் 32 பிட் நெருக்கடியைத் தீர்த்தபோது முடிவான அதே தொடக்கப் புள்ளி, இங்கே புதுச் சுவராக வந்து நின்றது.

வழி கிடைத்தது எதிர்பாராத பக்கத்திலிருந்து. 1988இல் பன்னாட்டுத் தர நிறுவனம் தேதி எழுதும் முறை ஒன்றை வகுத்திருந்தது. அதன் எண் 8601. ஆண்டு நாலு இலக்கம், ஒரு கோடு, மாதம் இரண்டு இலக்கம், ஒரு கோடு, நாள் இரண்டு இலக்கம். கடிதத்திலும் ஆவணத்திலும் மனிதர் குழம்பாமல் படிப்பதற்கான ஏற்பாடு. ஸைட்லினின் வகைக்கு இந்த முறையில் தேதியை எழுத்தாகத் தரத் தெரியும். எழுத்தாக வரும்போது ஜனவரி 01 என்றுதான் வரும்; பூஜ்ஜியம் உள்ளேயே தங்கிவிடும். அந்த எழுத்தைக் கோடுகளில் வெட்டினால் மூன்று எண்கள். வரிசையும் பைத்தான் கேட்கும் அதே ஆண்டு, மாதம், நாள். இயந்திரத்துக்குள் அருகருகே இருந்தும் பேச முடியாமல் தவித்த இரண்டு வகைகள், மனிதருக்காக எழுதப்பட்ட ஒரு வரியை நடுவில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கின.

டபிள்யூஎக்ஸ்பைத்தானின் நாட்காட்டிப் பகுதியிலேயே இதற்கென இரண்டு சின்னச் செயற்கூறுகள் இடம்பிடித்தன. திரையிலிருந்து பைத்தானுக்கு வரும் செயற்கூறு இந்த எழுத்து வழியில் வந்தது. பெட்டியில் எந்தத் தேதியும் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்றால் ஒன்றுமில்லை என்ற பதிலையும் மறக்காமல் தந்தது. திரும்பிப் போகும் செயற்கூறு வேறு பாதையில் போனது. பைத்தான் தேதியை முதலில் ஒன்பது எண்களாகப் பிரித்தது. பெல் ஆய்வுக்கூடத்தின் அதே ஒன்பது எண்களின் வாரிசு. அதில் மூன்றை எடுத்து வரிசையைத் திருப்பிப் போட்டது. மாதத்திலிருந்து ஒன்றைக் கழித்தது. ஆம்ஸ்டர்டாமில் ஒருவர் மனிதருக்காகக் கூட்டிய ஒன்றை, எடின்பரோக் குடும்பத்துக்காக இங்கே திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு செயற்கூறுகளின் பெயருக்கு முன்னாலும் ஓர் அடிக்கோடு இருந்தது. பைத்தான் வழக்கில் அதற்குப் பொருள், இது உள்வீட்டுப் பொருள், வெளியார் எடுக்க வேண்டாம் என்பது. அப்படியும் நிரலாளர்கள் அதைத் தேடிப் போய் எடுத்தார்கள், தங்கள் புரோகிராம்களில் படியெடுத்து ஒட்டிக்கொண்டார்கள். அவ்வளவு தேவை இருந்தது.

அந்தத் தேவையை ராபின் டன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். டபிள்யூஎக்ஸ்பைத்தானை மீண்டும் அடித்தளத்திலிருந்து கட்டும் வேலைக்கு அவர் ஃபீனிக்ஸ் என்று பெயர் வைத்தார். ஸ்விக் போய் வேறு பாலக்கருவி வந்தது. 2018 ஜனவரியில் 4.0 என்ற எண்ணோடு அது முழுமையாக வெளியானபோது, அந்த இரண்டு செயற்கூறுகளின் அடிக்கோடும் உதிர்ந்திருந்தது. அவை முதல் வாசலிலேயே, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற இடத்தில் நின்றன. அதைவிடப் பெரிய மாற்றம் இன்னொன்று. நாட்காட்டிப் பெட்டிக்குப் பைத்தான் தேதியை நேரடியாகவே கொடுக்கலாம். மாற்றும் வேலையை நூலகமே செய்துகொள்ளும். தேதிப் பெட்டியைச் சொடுக்கி ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த நாள் கணக்கில் அப்படியே போய் உட்காருவதற்குப் பின்னால் இருப்பது இந்தச் சின்ன மொழிபெயர்ப்புதான்.

மற்ற வீடுகளிலும் இதே காலத்தில் மாற்றம் நடந்தது. க்யூட்டி என்ற திரைக்கருவி தொடக்கத்திலிருந்தே ஜனவரியை ஒன்று என்று வைத்திருந்ததால் அங்கே இந்தத் தொல்லை எழவில்லை. பூஜ்ஜிய ஜனவரியோடு பிறந்த ஜாவா மொழி, 2014இல் எட்டாம் பதிப்பில் புதிய தேதித் தொகுப்பைக் கொண்டுவந்து மாதத்தை ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது. 1995இல் பத்தே நாளில் உருவாகி, தேதிக்கு ஜாவாவைப் பார்த்து எழுதிய ஜாவாஸ்கிரிப்டின் பழைய தேதி வகையோ அந்தப் பூஜ்ஜியத்தை இன்னும் சுமக்கிறது.

டபிள்யூஎக்ஸ் குடும்பத்திலும் அதை மாற்றவில்லை. மாற்றினால் ஏற்கெனவே சரியாக ஒன்றைக் கழித்து எழுதப்பட்ட எல்லாப் புரோகிராம்களும் ஒரே நாளில் பிழையாகிவிடும். அதனால் கழித்தல் நூலகத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது; ஸைட்லினின் தேதி வகையில் ஜனவரியின் மதிப்பு இன்றும் பூஜ்ஜியம்.